மாமா கட்டிலுக்கு மார்கழி வெயில்

பிப்ரவரி 18, செவ்வாய்
காலையில் நல்ல பனி. பால், கோதுமை, மாமா முதுகுக்குத் தடவும் மருந்து: மூன்றும் வாங்கியாயிற்று.

புது வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மாமா அறை ஜன்னல் எங்கே என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மாமனார் கட்டிலோடு கிடந்து இரண்டு வருடம். அவர் கேட்டது ஒன்றுதான்: மார்கழியில் படுத்தபடியே காலை வெயில் பட வேண்டும். மேஸ்திரி, "கெழக்கால வச்சா வெயில் வராம எங்கம்மா போவும்?" என்கிறார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பப் போகிறாரே!

வலங்கைமான் ஊர் முழுக்க வீட்டுப் படம் வரைந்து கொடுக்கிறவள் நான். என் வீட்டு ஜன்னலைக் குத்துமதிப்பாகவா வைப்பேன்? எந்த மாதம் சூரியன் எங்கே நிற்கும் என்று கணக்கிடும் பேக்கேஜ் ஒன்று கிடைத்தது, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வீட்டுப் படம் வரையும் மென்பொருளுக்குள்ளிருந்து கூப்பிட்டால், அப்படி ஒன்று இல்லவே இல்லையாம்.

19, புதன்
வெயில். மறுபடி ஏற்றினேன். கம்ப்யூட்டர்: ஏற்கெனவே இருக்கிறது. மென்பொருள்: இல்லை. அழித்துவிட்டு ஏற்றினேன். இல்லை. அணைத்துப் போட்டேன். இல்லை!

எரிச்சலில் கஞ்சிக்கு உப்புப் போட மறந்திருக்கிறேன். மாமா அப்படியே குடித்துவிட்டார். பிறகு நான் குடித்தபோதுதான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

20, வியாழன்
கத்தாரிலிருந்து என் கணவர் போன். "என்ன, கொரலே சரியில்ல?" புலம்பித் தீர்த்தேன். பைப் வெல்டருக்குப் பைத்தான் எங்கே தெரியும்? ஆனாலும் பொறுமையாகக் கேட்டார்.

"இங்க கம்பெனி மெஸ்ல அரிசி மூட்டை மூட்டையா கெடக்கு. எங்க ரூம்ல தனி அடுப்பு. மெஸ்ல எறக்குன அரிசி எங்க பானைக்கு எப்படி வரும்? உன் சாஃப்ட்வேருக்கும் தனி அடுப்பு எதாவது இருக்கா பாரு."

சிரித்துவிட்டு வைத்தேன். மென்பொருளின் ஃபோல்டருக்குள் போய்ப் போய்ப் பார்த்தால், அதற்கென்றே ஒரு பைத்தான்! மூன்று நாளாக வேறொரு பைத்தானில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மக்கு.

மறக்காதே:
– கட்டளை தட்டும் கமாண்ட் விண்டோவை அட்மின் அனுமதியோடு திற.
– ஃபோல்டருக்குள் இருக்கும் அந்தப் பைத்தானையே முழு முகவரியோடு கூப்பிட்டு, அதன் வழியாகவே பேக்கேஜை ஏற்று.
– மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தால் மறுபடி ஏற்ற வேண்டும்.

ஏற்றினேன். வேலை செய்கிறது. அவருக்குச் செய்தி அனுப்பினேன்.

21, வெள்ளி
மேகம். மார்கழியில் ஒரு நாளைக் கணக்கில் வைத்துப் பார்த்தாயிற்று. கிழக்கு ஜன்னலைப் பக்கத்து மாடி பத்து மணி வரை மறைக்கிறது. தெற்குச் சுவரில், கிழக்கு மூலையை ஒட்டி வைத்தால் எட்டரைக்கே கட்டிலில் வெயில்.

லேப்டாப்பைக் கட்டிலுக்கே கொண்டுபோனேன். படத்தில் வெயில் மெல்ல நகர்ந்து கட்டிலில் ஏறியது. மாமா வெகுநேரம் பார்த்தார்.

"கட்டிலு ஒண்ணுதான் போட்டுருக்கியேம்மா."

"ஒங்களுக்குத்தான மாமா வெயிலு?"

"லீவுல வந்தா மொத நாளு அவன் எங்கிட்டதானம்மா படுப்பான்?"

அங்கேயே உட்கார்ந்து இன்னொரு கட்டில் போட்டேன். அதில் பாதிக்குத்தான் வெயில். மூன்றடி ஜன்னலை ஐந்தடி ஆக்கினேன். மேஸ்திரிக்குச் சொல்லியாயிற்று. முனகினார். முனகட்டும்.