சைலன்சரில் இருந்து தெறித்த கங்கு

புரட்டாசி, செவ்வாய் இரவு

என் மனைவி செல்வி தூங்கிவிட்டாள், அல்லது தூங்குவதுபோலக் கிடக்கிறாள். எனக்குத்தான் கண்ணை மூட முடியவில்லை.

ஆமத்தூர்ப் பக்கம் அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில்தான் இன்று எனக்கு லோடு. அங்கே கேட்டிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். பெட்டிகளை ஏற்றி மறுபடி கேட்டுக்குத் தள்ளி வந்தால், என் பிக்கப் செல்ஃப் எடுக்கவில்லை.

"ஏலே, எல்லாரும் வந்து கை குடுங்கலே" என்று போர்மேன் கத்தினார். செல்வியும் வந்து தள்ளினாள். கிளட்சை விட்டதும் இன்ஜின் உறுமிக் கரும்புகையைக் கக்கியது. அப்போது சைலன்சரில் இருந்து சிவப்பாக ஒரு கரித்துண்டு தெறித்து விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். மேலே வண்டி நிறையப் பட்டாசு. செல்வி ஓடிவந்து அதை மிதித்து அணைத்தாள். வேறு யாரும் கவனிக்கவில்லை.

"இன்ஜெக்டர் சரியில்லண்ணே, சைலன்சர் பூரா கரி. வண்டிய ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்று மெக்கானிக் போன வாரமே சொன்னான். சீசன் முடியட்டும் என்றேன்.

வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சோறு போடும்போது மட்டும், "நாளைக்கும் எங்க கம்பெனிலதான் லோடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கம்பெனிக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. அது எனக்கு இப்போதுதான் உறைத்தது. செல்போன் வெளிச்சத்தில் அவள் பாதத்தைப் பார்த்தேன். உள்ளங்காலில் பெரிய கொப்புளம். கண்ணைத் திறக்காமலே அவள் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.