உன் மேல் போடாத பழி

என் செல்ல அக்காவுக்கு,

அங்கேயாவது கொஞ்சம் உட்கார்ந்து ஓய்வெடுக்கிறாயா? உன் மகள் தேன்மொழியைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடாதே, மீதியும் இருக்கிறது.

நீ போன பிறகு, உன் தாலுகா ஆபீசிலேயே அவளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். துறைத் தேர்வில் பாஸ் செய்தால்தான் அது நிலைக்கும். நீ எழுதிய அதே தேர்வு. அரசாங்கம் போட்ட விதிப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், கைடு மட்டும் கூடாது. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீ புலம்பிப் புலம்பிப் படித்தது எனக்கு மறக்கவில்லை.

உன் மகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. உன் பழைய புத்தகத்துக்குள் கைடு பக்கங்களை ஒட்டி எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறிவிட்டாள். பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கை ஒட்டிப் பிழைக்கிறவள் நான். என்னிடம் காட்டியிருந்தால் அந்த ஒட்டைப் பார்த்தே தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளர் புத்தகத்தைத் தூக்கினார், பக்கங்கள் உதிர்ந்தன. அங்கேயே எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். பின்னாலேயே ஆபீசில் குற்றச்சாட்டு மெமோ வந்தது. வேலையே போகலாம் என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு மட்டும் போட்டேன்.

அப்போதுதான் உன்னோடு வேலை பார்த்த சுந்தரம் சார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன்தான், கெடுதல் நினைத்து வரவில்லை.

"இத பாரும்மா, புத்தகத்துல உங்கம்மா பேரு இருக்குது. அவங்க ஒட்டி வச்சது, எனக்குத் தெரியாதுன்னு விளக்கம் எழுதிக் குடுத்துடு. போனவங்களக் கூப்ட்டா விசாரிக்கப் போறாங்க?"

வேலை தப்பினால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. நீயே சொல் அக்கா, உன்னைக் கேட்டிருந்தால் நீயும் சரி என்றுதானே சொல்லியிருப்பாய்?

அவர் போனதும் உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, எங்கம்மா இருந்தா 'என் மேல போட்டுக்கோடி'ன்னுதான் சொல்லும். அதனாலதான் போட மாட்டேன்."

"வேல போயிட்டா?"

"உங்க கம்பெனிக்கு வந்து பொம்மைக்குக் கை ஒட்றேன்."

"ஒன் ஒட்டு லட்சணந்தான் கடலூரு வரைக்கும் தெரிஞ்சிருக்குதே" என்றேன். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம்.

விசாரணை அன்று நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. விசாரித்த அதிகாரியம்மா, புத்தகம் யாருடையது என்று கேட்டார்கள்.

"எங்கம்மாவுதுங்க."

"அப்ப அவங்களே ஒட்டியிருக்கலாம் இல்ல?"

அவர்களே வழி திறந்துவிடுகிறார்கள், பார்த்தாயா?

"இல்லைங்க. அவங்க படிச்சு எழுதி பாஸ் பண்ணவங்க. ஒட்டினது நான்தாங்க."

பெருமையா பயமா என்று தெரியாமல் அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள். தேர்வு எழுதவும் சில வருஷம் தடை. உண்மையை ஒத்துக்கொண்டதால் வேலையில் கை வைக்கவில்லை, தடை முடிந்து பாஸ் செய்ய அவகாசமும் கொடுத்தார்கள். தப்புக்குத் தண்டனை வேண்டியதுதான், நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது சாயங்காலமானால் புது விதிப் புத்தகத்தை விரித்துவைத்துச் சத்தமாகப் படிக்கிறாள். கேட்டுக் கேட்டு விடுப்பு விதிகள் எனக்கே பாதி மனப்பாடம். போன வாரம், ஆபீசில் புதிதாகச் சேர்ந்த கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி, கைடை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று இவளிடமே யோசனை கேட்டாளாம். "மாட்டினவகிட்டயா கேக்குற? நம்ம வூட்டுக்கு வா, சேர்ந்து படிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுப்பது இப்போது என் வேலை.

தடை முடிந்து அவள் மறுபடி தேர்வு எழுதப் போகிற அன்று, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடவே போவேன். வாசல் வரை போவேன். ஆனால் அவள் பையைத் திறந்து பார்க்க மாட்டேன் அக்கா. இது உன் மேல் சத்தியம்.

உன் மகளை இப்போது முழுசாக நம்புகிற
உன் தங்கச்சி,
வசந்தா