திறக்காமல் வைத்திருந்த ஆஸ்பத்திரி

மகள் தெரேத்தியாவுக்கு மௌரி, வணக்கம். நீயும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். நானும் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மீன் கிடைக்கிறது, போன வாரக் கப்பலில் அரிசியும் வந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது நம் தீவு நர்ஸ் கினாய். உனக்குப் படிப்புப் பணம் கொடுத்த அதே வெளிநாட்டுக்காரர்கள்தான் அவளையும் படிக்க வைத்தார்களாம். போனிலேயே சொல்லியிருக்கலாம். பொய் சொன்னது போனில்தான், அதனால் கடிதம்.

அம்மா மூச்சுக்குத் திணறிக் கிடந்த மூன்றாம் நாள், அது வியாழக்கிழமை, நீ பிரிஸ்பேனிலிருந்து கூப்பிட்டாய். புது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்களா, ஆக்சிஜன் மெஷின் வச்சாங்களா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அடக்கம் முடிந்தும் கூப்பிட்டாய், மெஷினாவது இருந்துச்சேப்பா, அதுவே எனக்குப் போதும் என்று அழுதாய். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அந்தக் கட்டிடத்துக்குள் கால் வைக்கவே இல்லை. பழைய கீற்றுக் கொட்டகையில் தாழம்பாயில்தான் கிடந்தாள். கட்டிடம் பூட்டிக் கிடந்தது. சாவி என் கழுத்தில் தொங்கியது.

அந்த வெளிநாட்டுக்காரர்கள் அதைக் கட்டி முடித்தது ஜனவரியில். நாலு கட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள், கூரையில் சூரியத் தகடு, உள்ளே மெஷின். பள்ளிக்கூடத்துக்கும் பெஞ்சு கொடுத்தார்கள், அதையும் கட்டுப் பிரிக்காமல் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பிள்ளைகள் தரையிலேயே உட்கார்ந்து படித்தார்கள். கொடுத்தவர்கள் வந்து நம்மோடு உட்கார்ந்து சாப்பிடும் முன் கொடுத்ததைத் தொடுவது நம் வழக்கத்தில் இல்லை, உனக்குத் தெரியாததா. ஊர் கூடுகிற மனேயபாவில் விருந்தாளிக்கு முதல் வார்த்தை சொல்கிற இடம் நம் குடும்பத்தினுடையது, அதனால்தான் சாவி என்னிடம். வருகிறோம் என்று காகிதம் வரும், விமானம் பழுது என்பார்கள், மழை என்பார்கள். மூன்று தடவை பன்றி அறுத்து மூன்று தடவையும் நாங்களே தின்றோம்.

நீ கூப்பிட்ட அன்று சாயங்காலம் கினாய் வந்து நின்றாள். பெரியப்பா சாவியைக் குடுங்க, நான் திறக்கறேன், பழி என் மேல போகட்டும் என்றாள். மனேயபாவில் எனக்கு அடுத்த இடத்துக்காரன் தியாயெக்கி அங்கேதான் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். என்னடா கபுனாரே, பொண்டாட்டிக்குன்னா விருந்தாளிக்கு முன்னாடியே பானையில கைய விட்டுருவியா என்று சிரித்தான். நான் உன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவளும் மூச்சு வாங்கிக்கொண்டே, நான் அதுல படுத்துட்டா வர்றவங்களுக்கு எதைக் காட்டுவே, என் முதுகுத் தடத்தையா என்றாள். அப்போதும் அவளுக்குக் கேலிதான். அதை நான் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். புதன்கிழமை விமானத்துல வந்துருவாங்க, ஆறு நாள்தானே என்று கினாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலை கடல் வற்றுகிற நேரத்தில் அம்மா போய்விட்டாள். புதனுக்கும் அவர்கள் வரவில்லை. மெஷின் வைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கினாயிடம் கேட்டேன். பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் பெரியப்பா, இதை எழுத வேணாமே என்கிறாள். இரண்டையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போய்த் திறந்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த நாள் ஒரு பிரசவம் அங்கேதான் நடந்தது, பெண் குழந்தை. அதைப் பார்த்து வாத்தியாரும் பெஞ்சுகளைப் பிரித்துப் போட்டார். பெரியவர்கள் கூடி முதல் வார்த்தையை நம்மிடமிருந்து எடுத்துத் தியாயெக்கிக்குக் கொடுத்தார்கள். நான் இப்போது பின்வரிசையில் உட்காருகிறேன். முதுகுக்குச் சாயத் தூண் இல்லை, மற்றபடி ஒன்றும் இல்லை.

போன வாரம் அவர்கள் வந்தார்கள், நாலு பேர். தரையெல்லாம் மணல், ஒரு கட்டிலில் காய்ச்சல்காரப் பையன், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தியாயெக்கி எழுந்து, மன்னிக்கணும், நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒருத்தன் திறந்துட்டான் என்றான். கினாய்தான் அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். அவர்களில் மூத்த பெண்ணுக்கு விளங்கவில்லை. ஜனவரியிலேருந்தே ஓடுதுன்னுல்ல நினைச்சோம், சும்மா பாத்துட்டுப் போறோம்னுதானே எழுதினோம், எங்களுக்காக ஏன் காத்திருந்தீங்க என்று கேட்டாளாம். தியாயெக்கி இன்னொரு தடவை கேட்கச் சொன்னான். கினாய் கேட்டாள். அதே பதில்தான். விருந்து பரிமாறினார்கள். அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள். நான் தலையாட்டினேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதற்காக நீ கவலைப்படாதே. அங்கே குளிர்காலம் என்கிறார்கள், கம்பளி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ, நீ பார்த்துக்கொள்கிற அந்த வயசானவர்களைத் தூக்கும்போது உன் இடுப்பைப் பார்த்துக்கொள். என் மேல் கோபம் என்றால் கொஞ்ச நாள் கூப்பிடாமல் இரு, பரவாயில்லை. ஆரோக்கியமும் அமைதியும் நிறைவும் உனக்கும் பிள்ளைகளுக்கும் வந்து சேரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இனி நீ போனில் எதைக் கேட்டு நான் ஆமாம் என்றாலும் அதோடு விட்டுவிடாதே, கினாயிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவளிடமும் கேட்டுக்கொள்.

இப்படிக்கு உன் அப்பா
கபுனாரே
(கைநாட்டு. எழுதியது கினாய்.)