பத்தாம் நம்பர் லயத்துப் பிள்ளை

3.4.98 வெள்ளி

காலையிலிருந்து தூறல். பொகவந்தலாவை வீதியில் ஜீப் இருமுறை நின்றது. மேல் டிவிசன் கோயிலில் களவு: அம்மனின் பொன் தாலி, பெட்டியோடு. திருவிழா இந்த மாதம். முறைப்பாடு கொடுத்தவர் கோயில் தலைவர். பூண்டுலோயாவிலிருந்து புதிதாக வந்தவர். பூசாரி ஊரில் இல்லை; மகளுக்குப் பிரசவம், டிக்கோயா ஆஸ்பத்திரியில். விடியலில் மூட்டையோடு கோயிலிலிருந்து வந்தவன் செல்லமுத்து. சாட்சி உண்டு. பிடித்தாயிற்று.

நான் பிறந்த தேயிலைத் தோட்டம். பஞ்சக் காலத்தில் குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனோம். பொலிஸ் நிலையத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நிலையக் கம்பிக் கூட்டுக்குள்ளிருந்து செல்லமுத்து என்னையே பார்த்தான். பிறகு, "டேய் மொட்ட, நீயாடா?"

கான்ஸ்டபிள் நசீர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். சின்ன வயதில் இவன் வைத்த பெயர், எத்தனை வருடம் கழித்து. கோபப்படப் பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது.

தாலி எங்கே என்றால் மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். மடையன்.

4.4.98 சனி

வெயில். பல்வலி. கராம்பு வாங்க வேண்டும்.

திங்கள் காலை செல்லமுத்துவை ஹட்டன் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். போனால் மறியல் சிறைதான். பயமாக இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் "மழ வருமுங்களா?" என்று என்னையே கேட்கிறார்.

நசீர் வீட்டைச் சோதித்துவிட்டு வந்தான். "ஒன்னுமில்ல சேர். தொட்டில்ல புள்ள தூங்குது, பொண்டாட்டி பவளம் ஆட்டிக்கிட்டே இருக்கு. அத மட்டும் எழுப்பல்ல."

சோறு சாப்பிடும்போதுதான் உறைத்தது. செல்லமுத்துவின் கடைசிப் பெண்ணே பள்ளிக்கூடம் போகிறாள். அப்புறம் எந்தப் பிள்ளை?

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் ஒருமுறை அப்படித் தொட்டில் கட்டினார்கள். பூசாரி வீட்டில் பிள்ளை பிறந்தால் தீட்டு. அம்மன் பெட்டி வேறு வீட்டுக்குப் போய்விடும், கைப்பிள்ளை மாதிரி தொட்டிலில் இருக்கும். தீட்டுக் கழியும்வரை எந்த வீடென்று யாரும் வாயால் சொல்லக் கூடாது. பூசாரி இவனிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். புதுத் தலைவருக்கு வழக்கம் தெரியாது.

5.4.98 ஞாயிறு

தலைவரைத் தேடிப் போய் வழக்கத்தை மட்டும் சொன்னேன், வீட்டைச் சொல்லவில்லை. "எங்கூட வாங்க. பாருங்க, ஒன்னும் பேசாதீங்க."

"ஒங்களுக்கு எப்புடிங்க இதெல்லாம் தெரியும்?"

"நான் பத்தாம் நம்பர் லயத்துப் புள்ளைங்க. ராக்காயி மவன்."

சொல்லிவிட்டேன். நசீர் பக்கத்தில்தான் நின்றான்.

செல்லமுத்து வீட்டில் தொட்டிலைப் பார்த்துக் கும்பிட்டேன். பவளம் தொட்டில் சேலையை விலக்கினாள். தலைவர் எட்டிப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். நேரே நிலையத்துக்கு வந்து முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார்.

வெளியே வந்ததும் செல்லமுத்து கேட்டது: "தேத்தண்ணி இருக்காடா?"

யூனிஃபார்மோடு கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம். பல்வலி இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

19.4.98 ஞாயிறு

தேர். லீவு கிடைக்கவில்லை, காவல் டியூட்டி. பூசாரிக்குப் பேரன். தீட்டுக் கழிந்தது, தாலி அம்மன் கழுத்தில். நசீரின் வாழையிலையில் பொங்கல், இரண்டாம் தடவை.

வடம் பிடிக்க லயம் லயமாகக் கூப்பிட்டார்கள். ஓரமாக நின்றேன். ஒலிபெருக்கியில் தலைவர் குரல்: "பத்தாம் நம்பர் லயம், ராக்காயி மவன், எங்க இருந்தாலும் வடம் புடிக்க வாங்க."

சப்பாத்தைக் கழற்றி நசீரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.