ஆருடைய கலம் என்று கேட்டார் அப்பா

உரும்பிராய்

அன்பு மகள் நிவேதனாவுக்கு,

நீயும் மருமகன் ஜெயசுதனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்பு சுகம், மனதுதான் ஒரே அருவருப்பாய்க் கிடக்கிறது. போனில் சொன்னால் சரி விடுங்கோ அம்மா என்பாய், அதுதான் எழுதி, தாளைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

அப்பாவின் சுவாசப்பையில் பழுதான துண்டை வெட்டி எடுத்தது உனக்குத் தெரியும். வெட்டின இடம் இன்னும் ஒட்டவில்லை, காற்றுக் கசிந்து விலாவில் போட்ட குழாயால் போத்தலுக்குள் குமிழி விட்டபடி. இப்படியே விட்டால் ஆள் தப்புவது கஷ்டம் என்று டொக்டர் பத்மாசினி ஒளிக்காமல் சொன்னா. புதிதாக ஒரு வைத்தியம் ஆய்வாகச் செய்கிறார்களாம், பிள்ளை பெற்ற தாய்மார் விரும்பிக் கொடுத்த தொப்புள்கொடியிலிருந்து உயிர்க்கலங்களை எடுத்து வளர்த்து அந்த ஓட்டையில் விட்டால் காயம் ஆறத் துணை செய்யுமாம், நிச்சயம் என்று சொல்லமாட்டாவாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். உன் அப்பா மூச்சு வாங்கி வாங்கி, "உது எந்தப் பகுதி ஆக்களின்ரை?" என்று கேட்டார். சாதியை நேரே கேட்க வெட்கம், இப்படித்தானே எங்கள் சனம் சுற்றி வளைத்துக் கேட்கும். டொக்டரும் வல்வெட்டித்துறைப் பிள்ளைதானே, அது விளங்காதோ, முகம் கறுத்துப்போய், கொடுத்தவர்களின் விபரம் ஒருவருக்கும் சொல்வதில்லை என்றா. அப்படியென்றால் வேண்டாமாம் இவருக்கு. சீ என்று போய்விட்டது எனக்கு. ஒப்பிரேசனுக்கு இரத்தம் ஏற்றும்போது ஏன் கேட்கவில்லை என்றேன், அது மயக்கத்தில் ஏற்றினதாம். தம்பி கேட்டதில் என்ன பிழை என்று அவரின் அக்கா, உன் சிவக்கொழுந்து மாமி வேறு பக்கத்தில் நின்று நியாயம் பேசினா. அன்று அவர் வாயைத் துடைத்துவிடக்கூட எனக்குக் கை கூசியது.

நேற்று மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஓம் என்றார். சந்தோசப்படாதே. என் கையைப் பிடித்து, "செய்யட்டும், ஆனா ஊருக்குத் தெரியக்கூடாது" என்றார். வேண்டாம் என்றதைவிட இதுதான் எனக்குக் குமட்டியது. சாதி பாராமல் நீ செய்த கலியாணத்தையும் இப்படித்தானே ஒளித்து வைத்திருக்கிறார், உன்னோடு போனில் கதைப்பார், ஆரும் கேட்டால் மகள் இன்னும் படிக்கிறாள் என்பார். நானும் பேசாமல் நின்றது போதும். இரண்டையும் மாமிக்கே முதலில் சொன்னேன், அவவுக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி.

நாளைக்கு வைத்தியம். ஆறவேண்டும் என்றுதான் நேர்ந்திருக்கிறேன், என்ன இருந்தாலும் என் மனுசன். நீ உடனே வா, தனிய வராதே. அப்பா தப்பினால் மருமகனைப் பக்கத்தில் இருத்தித்தான் அவருக்குச் சோறு போடுவேன். தப்பாவிட்டால் கொள்ளி வைப்பது ஜெயசுதன்தான், எங்களுக்கு உன்னைத் தவிர வேறு பிள்ளை இல்லை. இதை அவருக்கும் சொல்லிவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இருவரும் தீர்க்காயுளோடு ஒற்றுமையாய் இருங்கள். மறக்காமல் ஜெயசுதனுக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்து வை, எது நடந்தாலும் உடுக்க வேணும்.

உன் அம்மா,
குணலட்சுமி