சம்பந்திகளும் ஒரு நாற்காலியும்

அன்பு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும்,

அம்மாவின் ஆசிகள். எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வங்கிகள் மூடிய செய்தி கேட்டுப் பதறியிருப்பீர்கள். நடந்ததை முழுக்க எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. இதில் அவருடைய அப்பாவும் வருகிறார்.

கட்சித் தலைவர் உடம்பு முடியாமல் விலகியதும், அந்த நாற்காலிக்கு உன் அப்பாவும் உன் மாமனாரும் போட்டிக்கு நிற்பது உனக்குத் தெரியும். நாடாளுமன்றத்தில் அடுத்தடுத்த இருக்கை. ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. கட்சி அலுவலகத்தில் மாடியில் ஒரு கோஷ்டி, கீழே ஒரு கோஷ்டி. தேநீர் முதலில் எங்கே போனது என்பதுகூட அரசியலாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பெரிய வங்கி ஒன்று விழுந்தது. மற்ற வங்கிகளின் வாசலிலும் கூட்டம் முண்டியது. எல்லாவற்றுக்கும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். மக்கள் போட்ட பணத்துக்கு அரசே பொறுப்பு என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார் நிதியமைச்சர். அதை நிறைவேற்ற ஆளுங்கட்சியிடம் போதிய ஓட்டு இல்லை. நம் கட்சி கை கொடுத்தால்தான் உண்டு.

ஆதரிக்கலாம் என்றார் உன் மாமனார். அவர் சொன்ன ஒரே காரணத்துக்காக, கூடாது என்றார்கள் அப்பாவின் ஆட்கள். நம் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “விழட்டும் விடுங்கண்ணே, ஆட்சி கவுந்தா அடுத்த பிரதமர் நீங்கதான்” என்றார் ஒருவர். “இப்ப ஆதரிச்சா, சம்பந்திக்குப் பயந்துட்டாருன்னு பேசுவாங்க” என்றார் இன்னொருவர். அப்பா மறுக்கவில்லை. அன்று அவர் முகத்தில் ஆசை எட்டிப் பார்த்தது.

மறுநாள், வங்கி அன்று திறக்கும் என்று ஒரு வதந்தி. என் மருத்துவமனைச் சம்பளம் போகிற கிளைக்குக் கிளம்பினேன். நீங்களும் வாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். “என்னைப் பாத்தா கல்லெடுத்து அடிப்பாங்க” என்றார். “எதிர்க்கட்சிக்காரர் மேல யாரு கல்லை வீணாக்குவா, வாங்க” என்று இழுத்துப் போனேன்.

வரிசை மருந்துக்கடையையும் தாண்டி வளைந்திருந்தது. கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்ற தையல்காரர் ஒருவர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார். “ஐயா, நீங்களும் உங்க சம்பந்தியும், ரெண்டு பேர்ல யாரு பெரியவருன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் நாங்க இங்கேயே நிக்கிறோம்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் ஒரு பெண், “பொண்ணோட ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கோம். அந்தச் சட்டம் வருமா, வராதா? ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டுவிட்டாள். மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர் வரிசையை விட்டு விலகி நடக்கத் தொடங்கினார்.

வீட்டுக்குத் திரும்புவார் என்று நினைத்தேன். நேரே சம்பந்தி வீட்டுக்கு நடந்தார்; நானும் பின்னாலேயே போனேன். பாதிச் சவரத்தில், கன்னத்தில் நுரையோடு கதவைத் திறந்தார் உன் மாமனார். “நான் போட்டியிலிருந்து விலகல” என்றுதான் உன் அப்பா பேச்சையே ஆரம்பித்தார். “விலகச் சொல்லி யாரு கேட்டா? உள்ள வாங்க” என்றார் அவர்.

சாப்பாட்டு மேஜையில் கூட்டறிக்கை எழுதினார்கள். யார் பெயர் முதலில் என்று அதிலும் இழுபறி. “அகர வரிசையில போடுங்க. இதுக்கும் ஒரு ஓட்டெடுப்பா?” என்று உன் மாமியார் அதட்டியதும் இரண்டு பேரும் அடங்கினார்கள்.

அந்த அறிக்கைக்கு விலை கொடுக்காமல் முடியவில்லை. அப்பாவோடு இருந்தவர்களில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “அண்ணே, நீங்களே உங்க குழியை வெட்டிட்டீங்க” என்று கதவை அறைந்துவிட்டுப் போனார் ஒருவர். ஆனாலும் அப்பா சபையில் எழுந்து ஆதரித்துப் பேசினார். சட்டம் நிறைவேறியது. வங்கிகள் திறந்துவிட்டன. இன்று காலை எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் முறை வந்ததும், “என் பணம் இருக்கில்ல? அது போதும்” என்று கேட்டுவிட்டு, எதுவும் எடுக்காமலே வீட்டுக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தலைவர் தேர்தல். அப்பா தோற்பார் என்றுதான் தோன்றுகிறது. அவருக்கும் தெரியும். இருந்தும் நன்றாகத் தூங்குகிறார். நேற்று உன் மாமனார் போன் செய்து, “உங்களைத் தோக்கடிச்சிட்டு உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன்” என்றாராம். வரட்டும்.

இன்னொன்று. போன தடவை நீங்கள் வந்திருந்தபோது அப்பா மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்ன கடுஞ்சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு வருத்தம் சொல்லத்தான் இந்த மூன்று நான்கு நாளாக உன் எண்ணை அழுத்துகிறார்; மணி அடிக்குமுன் வைத்துவிடுகிறார். என்றைக்காவது அந்த மணி அடித்தால், அவர் பேசத் தொடங்குகிறவரை கொஞ்சம் பொறுத்திரு, கண்ணே. மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

இருவரும் நிறைவாக வாழுங்கள்.

உன் அம்மா