போய்ச் சேர்ந்த நெல் வியாபாரி

அனுப்புநர்:
அ. காதர் மைதீன்,
நெல் வியாபாரம், கீழக்கடைத்தெரு,
திருவாரூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவாரூர் மாவட்டம்.

பொருள்: உயிரோடிருக்கும் என்னைப் பேயாகக் காட்டும் திரைப்படத்தால் நெல் கிடங்கில் வேலை நின்றுபோனது – திரையரங்கில் அறிவிப்பு ஸ்லைடு போட உத்தரவிட வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1992-ல் என் கிடங்கில் புகுந்த திருடர்கள் இருவர் என்னைக் கத்தியால் குத்தியது ஊரறிந்த செய்தி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பிழைத்தேன். அவர்கள் சிறைக்குப் போனார்கள். நான் மறு வருடம் மஸ்கட்டுக்குப் போனேன். அங்கே கடை வைத்து முன்னேறி, இவ்வாண்டுத் தொடக்கத்தில் ஊர் திரும்பி, அதே கிடங்கைத் திறந்திருக்கிறேன்.

2. நான் வெளிநாட்டில் இருந்தபோது, சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் இந்தச் சம்பவத்தை விசாரிக்க வந்திருக்கிறார்கள். கிடங்குக்கு எதிரே இட்லிக் கடை நடத்தும் அம்சம் என்பவர் அந்தச் சினிமாக்காரர்களிடம், "குத்துப்பட்ட பாயா? அவர் போய்ச் சேந்து அஞ்சு வருஷமாச்சே தம்பி" என்று சொல்லியிருக்கிறார். மஸ்கட் என்ற ஒரு சொல் கடைக் கூட்டத்தில் விட்டுப்போயிற்று. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. "எங்க போய்ச் சேந்தாருன்னு அவங்க கேக்கவே இல்லியே" என்கிறார். அதுவும் நியாயம்தான்.

3. அதன் விளைவாக, உண்மைச் சம்பவம் என்ற முன்னறிவிப்போடு வந்துள்ள பேய்ப்படம் நம் ஊர்த் திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் என்னைப் போலவே தாடியும் பச்சைப் பெல்ட்டுமாக ஒரு பேய் நெல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வருகிறது. படம் நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, என் மனைவி கமருன்னிஸா என் கையையே பிடித்துக்கொண்டு திரையில் என்னைப் பார்த்துப் பயந்தார். என்னைச் சாகடித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பேய் எடையில் ஏமாற்றுவதாகக் காட்டியிருப்பதுதான் பொறுக்கவில்லை. உயிரோடு இருந்தவரை நான் அப்படிச் செய்ததில்லை, இப்போதும் செய்வதில்லை.

4. குறுவை அறுவடை தொடங்கப்போகிறது. மூட்டை தூக்குபவர்கள் கிடங்குக்குள் கால் வைக்க மறுக்கிறார்கள். நானே முதலில் உள்ளே போய்க் காட்டுகிறேன் என்றேன். அவர்களின் தலைவர் சிங்காரவேலு, "நீங்க உள்ள போவீங்க முதலாளி. திரும்பி வர்றது நீங்கதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். ஆள் இல்லாமல் அறுவடை தாண்டினால் விவசாயிகள் வேறு வியாபாரியைப் பார்த்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் சம்பாதித்ததையெல்லாம் இந்தக் கிடங்கில்தான் போட்டிருக்கிறேன்.

5. படத்தைத் தடை செய்யக் கேட்கவில்லை. தியேட்டர்காரரும் வியாபாரிதான், அவர் பிழைப்பில் மண்ணைப் போட மாட்டேன். படம் தொடங்கும் முன்பும் இடைவேளையிலும், இவர் உயிரோடு நலமாக இருக்கிறார் என்று என் புகைப்படத்துடன் ஒரு ஸ்லைடு காட்ட உத்தரவிட்டால் போதும். செலவு என்னுடையது. அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி படம் எடுத்து வைத்திருக்கிறேன். சரியான எடைக்கு நெல் வாங்கப்படும் என்று கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளவும் அனுமதி வேண்டும்.

6. ஸ்லைடில் தங்கள் அலுவலக முத்திரை இருப்பது அவசியம். நான் சொன்னால் நம்பாத சிங்காரவேலு, "கலெக்டர் சொல்லட்டும், மறுநாள் காலையில வந்து நிக்கிறோம்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அறுவடைக்கு முன் அந்த முத்திரை கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சந்தேகம் இருந்தால் நேரில் வரவும் தயார், பகலிலேயே வருகிறேன்.

இடம்: திருவாரூர்
நாள்: 6.9.1999

இப்படிக்கு,
உயிரோடும் தொழிலோடும் இருக்கும்,
அ. காதர் மைதீன்